ஆசானும் அறுவரும்

ஆங்கில மொழியிலே கல்லூரி வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு எழுந்த நாவல்கள் பலவாம். அவற்றுட் பெரும்பாலானவை ஆசிரியர்தம் பூசல்களையும் பதவிப் போட்டிகளையும் அங்கதச் சுவை தோன்ற எடுத்துரைப்பன. மேரி மக்கார்த்தி 1952இல் வெளியிட்ட 'தி குறோவ்ஸ் ஒவ் அக்கடீம்', றண்டல் ஜறல் 1954இல் வெளியிட்ட 'பிக்சர்ஸ் புறொம் அன் இன்ஸ்ரிரியூஷன்' ஆகிய இரண்டும் இவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டுகள். இரண்டும் அமெரிக்காவின் சிறு கல்லூரிகளையே களமாகக் கொண்டவை. ஆயினும், எவர் பொருட்டுக் கல்லூரி நடைபெறுகின்றதோ அம்மாணவர் இவற்றிலே ஓரத்தில் வந்து மறைகின்றனர். மாணவனையே நடுவில் நிறுத்தி, அவன் கண்கொண்டு கல்லூரியை நோக்கிய நாவல்களுள் மிகப் பலராற் படிக்கப்பட்டது, டொனா டார்ற் என்பார் எழுதி 1992இல் வெளிவந்த 'தி சீக்ரெற் ஹிஸ்ரறி' என்பதாகும். 'மறைவான வரலாறு' என அதன் பெயரைத் தமிழிற் கூறலாம்.

இந்நாவலைக் கொலைக் கதை என்று கொள்வார் உளர். பண்டை மொழிக் கல்வியின் தீமையைக் காட்டவந்த கதை என்று கொள்வாரும் உளர். இவ்விரு கருத்தும் நூலின் புறத்தையே தீண்டுவன. ஆசிரியனும் மாணவனும் அணுக்கமாய் இருந்து கற்பதே உயர்ந்த கல்வி என்னும் கொள்கை கல்வியுலகிலே பெரிதும் போற்றப்படுவது. அவ்வணுக்கத்துக்குப் பொறுப்பாளர் யார் என்ற வினாவை எழுப்பி, அதற்கு விடை காணாது தவித்த மாணவர் சிலரின் அழிவைக் கூறுவதே இந்நூலின் உட்பொருள். இக்கருத்தை நிறுவுதற்கு, முதலில் அத்தகைய கல்லூரியின் இயல்பு இன்னதென அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலே, மருத்துவம், சட்டம் முதலிய தொழில்களுக்கு நேரே பயிற்றாது, மொழி, இலக்கியம், மெய்யியல், கணிதம், இயற்கை விஞ்ஞானம் என்பவற்றைப் பொதுவாகக் கற்பித்து இளைஞரின் அறிவையும் பண்பையும் பண்படுத்தும் நோக்குடன் சிறு கலைக்கல்லூரிகள் பல நிறுவப்பட்டன. வில்லியம்ஸ் கல்லூரி 1793இலும் அம்ஹேர்ஸ்ற் கல்லூரி 1821இலும் தோன்றின. இவற்றின் சிறப்பு இவற்றின் சிறுமையே. மாணவர் தொகை குறைவு; வகுப்புகள் சிறியன; ஆசிரியரும் மாணவரும் ஒரே வளவில், பெரும்பாலும் சிற்றூர் ஒன்றின் ஓரத்தில், ஆண்டின் பெரும்பகுதியைக் கழிப்பர். வில்லியம்ஸ் கல்லூரியிற் பயின்று 1856இற் பட்டம் பெற்றுப் பின்னர் 1881இல் அமெரிக்க ஜனாதிபதியான ஜேம்ஸ் காபீல்ட் கூறியதாக ஒரு கருத்து வழங்குகின்றது. மரக்குற்றி ஒன்றின் ஒரு முனையிலே அக்கல்லூரித் தலைவர் மார்க் ஹொப்கின்ஸ் அமர, மறு முனையில் மாணவன் ஒருவன் அமர்வானாயின் அதுவே கல்லூரிக்குப் போதும் என்பது அதன் சாரம். கட்டடம், நூலகம், ஆய்வுகூடம் யாவும் இரண்டாம் இடத்தன. ஆசான் அருகிருத்தலே முதன்மையானது என்பதை இதனிற் சுருக்கமாக உணர்த்துதல் அரிது.

டொனா டார்ற் மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்தவர். வேர்மொன்ற் மாநிலத்திலுள்ள பெனிங்ரன் கல்லூரியில் 1982இற் சேர்ந்து 1986இற் பட்டம் பெற்றார். 1932இல் மகளிர் கல்லூரியாகத் திறக்கப்பெற்று 1969 முதல் ஆடவரையும் ஏற்றுக்கொண்ட அக்கல்லூரியின் சாயல், நாவலில் வரும் ஹம்ப்டன் என்னும் கற்பனைக் கல்லூரியிற் படிந்துள்ளது. மலைகளும் காடுகளும் சூழ்ந்த இடம், வெண்ணிற மர வீடுகளாக அமைந்த மாணவர் விடுதிகள், வெள்ளி இரவுகளிற் குடியும் ஆடலும் மலிந்த கேளிக்கைகள், மாரியில் நீண்ட விடுமுறை, சிற்றூர் மக்களுக்கும் மாணவர்க்கும் இடையே உள்ள பெரிய இடைவெளி ஆகிய யாவும் நேரில் வாழ்ந்தறிந்தார் ஒருவரின் கைவண்ணம் என்பது படிப்போர்க்கு எளிதிற் புலனாகும்.

கதையைச் சொல்பவன் றிச்சர்ட் பேப்பன் என்னும் மாணவன். ஹம்ப்டன் கல்லூரியிலே ஜூலியன் மொறோ என்னும் ஆசிரியரிடம் கிரேக்க மொழி பயிலும் ஐவர் கூட்டத்திலே ஆறாமவனாக அவன் வந்து சேர்கின்றான். செல்வமும் நுண்ணறிவும் மிக்க ஹென்றி, நாகரிகம் மிகுந்த பிரான்சிஸ், இரட்டையராகிய சார்ல்ஸ், கமிலா, கலகலப்பும் பிறர் பொருளிற் கூசாது வாழும் இயல்பும் உடைய எட்மண்ட் என்போர் அவ்வைவர். பண்டைக் கிரேக்கர் தயனீசியத் தெய்வத்துக்கு எடுத்த வெறியாட்டினைத் தாமும் நிகழ்த்திப் பார்க்க அவருள் நால்வர் முனைகின்றனர். அவ்விரவிலே விவசாயி ஒருவர் அவர் கையால் இறந்துபடுகின்றார். அக்கூத்திற் கலவாத எட்மண்ட் உண்மையைப் பின்னர் அறிந்து அவர்களை நெருக்குகின்றான். அவன் வாயை அடைத்தற்பொருட்டு அவனையே கொல்ல அவர்கள் துணிகின்றனர், றிச்சர்ட்டும் உடந்தையாகின்றான். இக்கொலையை நூலின் முகவுரையே வெளிப்படுத்திவிடுகின்றது. ஆகவே, கொன்றவர் யார் என்ற ஐயம் படிப்போர்க்கு எவ்விடத்தும் எழுவதில்லை. நூல்களை நேசித்து, ஒருவர்மேல் ஒருவர் அன்பு பாராட்டி, ஒரே ஆசானை வணங்கி வாழ்ந்த மாணவர் தம் தோழனைக் கொல்லும் நிலைக்கு எவ்வாறு வந்தனர் என்பதே இறுதிவரை தொடரும் வினா.

இவ்வினாவுக்குரிய விடையின் முதற்கூறு றிச்சர்ட்டின் வறுமையிற் காணப்படுகின்றது. அவன் கலிபோர்னியாவிலுள்ள பிளேனோ என்னும் ஊரினன். பெற்றோல் நிலையம் ஒன்றை நடத்தும் தந்தையின் மகன். தந்தையின் அன்போ ஆதரவோ அவனுக்கு வாய்த்ததில்லை. ஹம்ப்டன் கல்லூரியின் படங்கள் அச்சிடப்பெற்ற விளம்பரச் சிறுநூல் ஒன்றே அவனை அங்கு ஈர்த்தது. உதவிப்பணம் பெற்று வந்து சேர்ந்தவன், தன் பிறப்பையும் ஊரையும் மறைத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளை போன்று ஒரு பொய் வரலாற்றைப் புனைந்துகொள்கின்றான். நாவலின் பெயர் சுட்டும் மறைவான வரலாறு கொலையைப் பற்றியது மட்டுமன்று. இப்பொய்யிலிருந்தே அது தொடங்குகின்றது. சிறு கல்லூரியிலே ஒவ்வொருவரையும் ஒவ்வொருவர் அறிவர் என்பர். றிச்சர்ட்டின் நிலையோ அதற்கு மாறானது. எல்லாரும் எல்லாரையும் காணும் இடத்திலே ஏழை மாணவன் தன்னை மறைத்துக்கொள்வதற்கே தன் ஆற்றலிற் பெரும்பகுதியைச் செலவிட நேர்கின்றது.

இவ்வுண்மை முழு உருப் பெறுவது குளிர்கால விடுமுறை பற்றிய பகுதியிலாகும். பெனிங்ரனிலே மாணவர் குளிர்காலத்திற் கல்லூரியை நீங்கி வெளியே தொழில் பழகும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஹம்ப்டனிலும் அவ்வாறே விடுதிகள் மூடப்படுகின்றன. ஏனையோர் தத்தம் வீடுகளுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்ல, போக்கிடமில்லாத றிச்சர்ட், வாடகையின்றிக் கிடைத்த ஓர் அறையில் ஒதுங்குகின்றான். கூரையிலே பெருந்துவாரம், கணப்பு இல்லை, இரவிலே பனி உள்ளே விழுகின்றது. பகலிற் கல்லூரியிற் சிறு வேலை செய்து, இரவில் உறைபனியில் நடந்து மீளும் அவன், தன் நிலையை எவருக்கும் உரைப்பதில்லை. உரைப்பானாயின் தான் புனைந்த பொய் வெளிப்படும் என்னும் அச்சம் அவனைத் தடுக்கின்றது. நோயுற்று உயிர் போகும் தறுவாயில் அவனைக் கண்டெடுத்து மருத்துவமனையிற் சேர்ப்பவன் ஹென்றி. பின்னர்க் கொலையை முன்னின்று நடத்துபவனும் அவனே. தன்னைக் கல்லூரியும் காணவில்லை, ஆசானும் காணவில்லை, இவன் ஒருவனே கண்டான் என்னும் நன்றி, றிச்சர்ட்டைக் குற்றத்தின்பாற் பிணிக்கும் கயிறாகின்றது. நூல் முழுவதிலும் இப்பகுதியே மிகச் சிறந்தது. மாணவன் ஒருவன் தீய கூட்டத்திற் சேர்தற்கு அவனது தீக்குணம் காரணமாதல் வேண்டும் என்பதில்லை. அவனுக்கு ஏற்பட்ட குளிரை வேறெவரும் உணராமையே போதிய காரணமாம் என்பதை ஆசிரியர் எவ்வகை உபதேசமும் இன்றிப் புலப்படுத்திவிடுகின்றார்.

விடையின் இரண்டாம் கூறு ஆசானின் இயல்பிற் காணப்படுகின்றது. ஜூலியன் மொறோ பெரும் புலமையாளர், இனிய பேச்சினர், கல்லூரி தரும் ஊதியத்தைக் கல்லூரிக்கே விட்டுக்கொடுப்பவர். மாணவரைத் தாமே தேர்ந்தெடுப்பார்; ஐவருக்கு மேல் ஏற்பதில்லை என்பது அவர் வழக்கம். றிச்சர்ட் முதன்முறை சென்றபோது இன்சொல் கூறி அனுப்பிவிடுகின்றார். அவன் நூலகத்திலே அம்மாணவர்க்குக் கிரேக்க இலக்கண ஐயம் ஒன்றைத் தீர்த்துவைத்த பின்னர், புத்தாடை அணிந்து மீண்டும் செல்லும்போது ஏற்றுக்கொள்கின்றார். ஏற்றபின் ஏனைய ஆசிரியரிடம் அவன் பயிலும் பாடங்களில் ஏறத்தாழ யாவற்றையும் கைவிடல் வேண்டும் என நிபந்தனை விதிக்கின்றார். மாணவனுக்கு அறிவுரை கூறும் ஆசிரியர் ஒருவர் இவ்வேற்பாட்டின் இடரை முன்னரே எடுத்துக்காட்டுகின்றார். றிச்சர்ட் அதனைச் செவிமடுத்தானில்லை. ஊதியம் பெறாத ஆசிரியருக்கு நிருவாகம் கட்டளையிட இயலாது. பிற ஆசிரியரை அறியாத மாணவனுக்கு ஒப்பிட்டு நோக்க வேறு அளவுகோல் இல்லை. இவ்வாறு ஒரு சிறு கல்லூரியின் உள்ளே, எவருக்கும் கணக்குக் கூற வேண்டாத இன்னொரு கல்லூரி உருவாகின்றது.

தமிழ் இலக்கண மரபிலே ஆசிரியர், மாணவர் இயல்புகள் வகுத்துரைக்கப்பட்டுள்ளமை யாவரும் அறிந்ததே. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திலே நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாக்கினார். ஆசிரியராகார்க்குக் கூறிய உவமைகளுள் மடற்பனையும் ஒன்று. மடல் நிறைந்த பனை தானாக வீழ்த்தும் கனியைக் கீழே நிற்போர் எடுத்துக்கொள்ளலாம். வேண்டியவர் அணுகி ஏறிப் பறித்தற்கு அது இடங்கொடாது. ஜூலியனின் கொடை இத்தகையதே. தாம் விரும்பிய வேளையில், விரும்பியவர்க்கு, அழகிய கருத்துகளை வழங்குவார். மாணவன் ஒருவன் தன் துயரத்தோடும் குற்றத்தோடும் அவரை அணுகுதற்கு வழியில்லை. அழகில்லாத எதனையும் காணாதிருத்தலே அவரது பண்பு. நிறைகோலின் நடுநிலையும் அவர்பால் இல்லை. தேர்ந்தெடுத்தவர்மீது வரம்பிலாப் புகழுரை, ஏனையோர்மீது புறக்கணிப்பு என இருவகையே உண்டு. மாணவனும் ஆசிரியனைத் தீயினிடத்துக் குளிர்காய்வானைப் போல மிக அகலாமலும் மிக அணுகாமலும் சார்ந்திருத்தல் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. ஹென்றி முதலியோர் அத்தீயினுள் நுழைந்துவிட்டனர். ஹென்றிக்கு ஜூலியன் ஆசிரியராக மட்டும் இருந்தாரல்லர். தந்தையாகவும் தெய்வமாகவும் ஆயினார். அணுக்கத்துக்கு அளவு வகுத்த பண்டை மரபின் நுட்பம் இந்நாவலைப் படிப்போர்க்குப் புதிய பொருளோடு விளங்கும்.

மூன்றாம் கூறு அறுவரின் வாழ்க்கை முறை. வார இறுதிகளிற் பிரான்சிஸின் உறவினருக்குரிய நாட்டுப்புற மாளிகையிலே அவர்கள் தங்குகின்றனர், இரட்டையர் வீட்டிலே ஒருங்கு உண்கின்றனர், சீட்டாடுகின்றனர், ஏரியிற் படகு விடுகின்றனர், கிரேக்க மொழியிலே பரிபாஷை பேசிப் பிறர் அறியாவண்ணம் கருத்துப் பரிமாறுகின்றனர். மாணவப் பருவத்து நட்பின் இனிமையை இத்துணை நுண்மையாகக் காட்டிய எழுத்துகள் சிலவே. ஆயின் அவ்வினிமையிலேயே நஞ்சும் கலந்துள்ளது. விடுதியிலுள்ள ஏனைய மாணவர் அறுவரின் பார்வையில் இழிந்தோர். அவர்தம் கேளிக்கைகள் நகைப்புக்குரியன. றிச்சர்ட்டின் விடுதித் தோழி ஜூடி என்பவள் அவன்பால் உண்மையான கரிசனை காட்டுபவள். அவளையும் அவன் எள்ளலோடே நோக்குகின்றான். ஊர் மக்களோ அவர்கள் கண்ணிற் படுவதே இல்லை. தாமே உலகம் எனக் கருதுவோர்க்கு, உலகத்தின் நீதியும் தமக்கு உரியதன்று என்னும் எண்ணம் தோன்றுவது இயல்பே. எட்மண்ட் கொலையுண்ணுதற்கும் இதுவே காரணம். செல்வர் போலத் தோன்றினும் வீட்டிலிருந்து பணம் பெறாதவன். தோழரின் செலவில் வாழ்பவன். ஆயினும், நடந்தது கொலை எனச் சொல்லால் உணர்த்தக்கூடியவன் அவ்வறுவருள் அவன் ஒருவனே. பரிகாசமாகவும் பயமுறுத்தலாகவும் அவன் பேசிய பேச்சுகளில் வெளியுலகின் குரல் ஒலிக்கின்றது. அக்குரலையே அவர்கள் மலைச்சரிவிலிருந்து தள்ளிவிடுகின்றனர்.

இந்நிலையிற் பண்டை மொழிக் கல்வியே இத்தீமைக்குக் காரணம் எனக் கூறுவாரின் கருத்தை ஆராய்தல் தகும். கிரேக்க நாடகம் வெறியாட்டை மேற்கொள்ளுமாறு எவரையும் ஏவுவதன்று. எவ்ரிப்பிடீசின் 'பாக்கே' என்னும் நாடகத்திலே, வெறியின் வயப்பட்ட தாய் தன் மகனையே கொன்று, தெளிந்தபின் அவன் தலையைத் தன் கையிற் கண்டு கலங்குகின்றாள். வெறியின் பயனைக் காட்டும் எச்சரிக்கை அந்நாடகத்திலேயே உண்டு. ஹென்றியும் தோழரும் வெறியைக் கற்றனர். தாயின் கலக்கத்தைக் கற்றாரல்லர். நூலைப் பாதியிற் படித்தல் என்பது இதுவே. மறுபாதியைப் படிப்பித்தல் ஆசிரியன் கடமை. அழகின் அச்சந்தரும் தன்மையை வகுப்பிலே வியந்து பேசிய ஜூலியன், அவ்வச்சத்தின் விலை யாது என்பதைப் பேசினாரில்லை. ஆகவே குறை கல்விப் பொருளில் அன்று, கற்பித்த முறையில் உள்ளது. இதே பாடத்தைப் பலர் நடுவே, ஐயம் எழுப்பும் மாணவரும் மறுத்துரைக்கும் ஆசிரியரும் உள்ள சூழலிற் கற்றிருப்பாராயின் அவர்தம் கதி வேறாக அமைந்திருத்தல் கூடும்.

நாவலின் உச்சம் கொலை நிகழும் இடத்திலே இல்லை. ஜூலியன் உண்மையை அறியும் இடத்திலேயே உள்ளது. எட்மண்ட் இறப்பதற்கு முன் எழுதிய கடிதம் காலம் தாழ்த்து அவர் கைக்கு வருகின்றது. முதலில் அதனைப் போலி என எண்ணிய அவர், உறோமாபுரி விடுதியொன்றின் பெயர் பொறித்த தாளைக் கண்டதும் எல்லாவற்றையும் உணர்கின்றார். அப்போது அவர் செய்வது யாது? பொலிசாரிடம் செல்லவில்லை, மாணவரைக் கடிந்துகொள்ளவுமில்லை, அவரோடிருந்து அவர்தம் குற்றத்தின் பாரத்தைச் சுமக்கவுமில்லை. எவருக்கும் சொல்லாது கல்லூரியை விட்டே போய்விடுகின்றார். காபீல்ட் கூறிய மரக்குற்றியின் ஒரு முனை திடீரென வெறிதாகின்றது. இதன் பின்னரே ஹென்றி நிலைகுலைகின்றான், இறுதியில் தன்னைத் தானே சுட்டு மாய்கின்றான். இரு கொலைகளையும் தாங்கிநின்ற கூட்டம் ஆசானின் பிரிவைத் தாங்கவில்லை. அணுக்கத்தால் வளர்த்தவர் பொறுப்பின்போது அகன்றமையே அம்மாணவர்க்கு நேர்ந்த இறுதிக் கேடு. இப்பகுதியை எழுதிய திறத்தாலேயே இந்நாவல் கொலைக் கதையின் எல்லையைக் கடந்து கல்வி பற்றிய சிந்தனையாக உயர்கின்றது.

நூலின் குறைகளையும் கூறுதல் திறனாய்வின் கடன். முதற்குறை, இறந்த விவசாயிக்கு நூலிலே முகம் இல்லாமை. அவர் இறப்பு ஹென்றியின் வாய்மொழியாகவே கூறப்படுகின்றது. அவர் வீடு, உற்றார், அவர்தம் துயரம் ஆகியவை ஏறக்குறைய இடம்பெறவில்லை. கதை சொல்லும் றிச்சர்ட்டின் குருட்டுத்தன்மையை இது காட்டுகின்றது எனச் சமாதானம் கூறலாம். ஆயின் எட்மண்டின் பெற்றோர் வீட்டு இழவு நிகழ்ச்சிகளைப் பல பக்கங்களில் அங்கதத்தோடு விரித்த ஆசிரியர், விவசாயியின் வீட்டுக்கு ஒரு சாளரத்தையேனும் திறந்திருக்கலாம். மாணவரின் புறக்கணிப்பை விமரிசிக்கும் நூல், தானும் அப்புறக்கணிப்பில் ஓரளவு பங்குகொள்கின்றது. இரண்டாவது, கமிலா என்னும் பாத்திரம் றிச்சர்ட்டின் ஏக்கத்தின் நிழலாகவே நின்றுவிடுகின்றது; அறுவருள் ஒரே பெண்ணாகிய அவளது மனவுலகம் கடைசிவரை திறக்கப்படவில்லை. மூன்றாவது, கொலைக்கும் இழவுக்கும் இடைப்பட்ட பகுதி அளவுக்கு மிஞ்சி நீள்கின்றது. எதிர்பாராத பனிப்பொழிவால் உடல் மறைய, கல்லூரியும் ஊரும் திரண்டு தேடும் காட்சிகளிலே, முன்பின் அறியாத மாணவனுக்காகக் கல்லூரி முழுவதும் கண்ணீர் வடிக்கும் போலித்தனம் நன்கு காட்டப்படுகின்றது. எனினும் அதே செய்தி பலமுறை வருவதாற் கூர்மை மழுங்குகின்றது.

சிறு கல்லூரியிலே சிலர் கூடி உருவாக்கும் மறைவான வட்டம் எப்போதும் அழிவிலேயே முடியும் எனக் கொள்ளுதலும் பிழையாம். இதற்கு வரலாற்றிலே மாறான சான்று ஒன்று உண்டு. அது நாவலின் களமாகிய வேர்மொன்ற்றுக்கு அயலிலேயே நிகழ்ந்தது, யாழ்ப்பாணத்தோடும் தொடர்புடையது. மேலே கூறப்பட்ட வில்லியம்ஸ் கல்லூரியில் 1806ஆம் ஆண்டு மாணவர் ஐவர், இடிமழைக்கு வைக்கோற்போர் ஒன்றின் அருகே ஒதுங்கியிருந்து, தொலைநாடுகளுக்குச் சென்று தம் சமயத்தைப் பரப்புதல் பற்றிச் சிந்தித்தனர். 1808இல் அவ்வட்டத்தினர் அமைத்த சங்கமும் மறைவாகவே இயங்கியது. ஆயினும் 1810இல் அவர்தம் கூட்டத்தார் தம் எண்ணத்தை மூத்தோர் அவையொன்றின் முன் எடுத்துவைத்தனர். அதன் பயனாக அமெரிக்க மிசன் சபை நிறுவப்பட்டது. அவ்வைவருள் ஒருவரான ஜேம்ஸ் றிச்சட்ஸ் 1816இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திற் பணியாற்றி, 1822இல் இங்கேயே காலமானார்.

அவர்களின் சமய நோக்கு ஏற்புடையதா என்பது வேறு வினா. இங்கு நோக்கத்தக்கது வட்டத்தின் போக்கே. ஐவர் இரகசியமாகப் பேசியது பின்னர் அவையிலே வெளிப்பட்டு, மறுப்புக்கும் ஆராய்வுக்கும் உட்பட்டது. அம்மிசனைச் சேர்ந்தவரும், டார்ட்மத் என்னும் மற்றொரு சிறு கல்லூரியிற் பயின்றவருமாகிய டானியல் பூவர் தலைமையில் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரி தொடங்கியது. மாணவர் ஆசிரியரோடு உடனுறைந்து ஆங்கிலம், தமிழ், கணிதம், வானநூல், தருக்கம் என்பவற்றைப் பயின்ற அந்நிலையம் 1855இல் மூடப்பட்டது. ஆயினும் அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். அவருள் முன்னவர் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்துத் தமிழுலகுக்கு அளித்தார். தம் ஆசிரியரின் சமய நோக்கம் எதுவாயிருப்பினும், மாணவர் தாம் பெற்ற கல்வியைக் கொண்டு தம் மொழியின் பண்டைச் செல்வத்தை மீட்டனர். ஆசானின் நிழலுக்குள் மடங்கிவிடாது அதனைக் கடந்து வெளியே செல்லும் வழி மாணவர்க்குத் திறந்திருந்தமையே ஈண்டு கண்ட வேறுபாடு. ஹம்ப்டனின் அறுவருக்கு அவ்வழி இல்லை. ஆசானும் திறந்தாரல்லர், அவர்களும் தேடினாரல்லர்.

ஆகவே டொனா டார்ற்றின் நாவல் சிறு கல்லூரியை வெறுத்து எழுதப்பட்டதன்று. அதன் அழகை இவ்வளவு ஏக்கத்துடன் வருணித்த பிறிதொரு நூலைக் காண்டல் அரிது. குற்றவாளிகளுள் ஒருவனாகிய றிச்சர்ட்டே பல ஆண்டுகளின் பின்னும் அந்நாட்களைத் தன் வாழ்வின் ஒளிமிக்க காலமாக நினைவுகூர்கின்றான் என்பதிலே அவ்வேக்கமும் அதன் பயங்கரமும் ஒருங்கே அடங்கியுள்ளன. மாணவர் தொகை சிறிதாயிருத்தல் நன்மை தரும். ஆனால் அதுவே நன்மையாகிவிடாது. ஐந்நூறு மாணவருள் ஒருவன் குளிரில் நடுங்கியதை அறியாத கல்லூரிக்கு அச்சிறுமையாற் பயனில்லை. அறுவரை மட்டும் தேர்ந்து அன்பு செலுத்திய ஆசான், அவ்வறுவருள் ஒருவன் கொலையுண்ட செய்தி தெரிந்த அன்று ஊரை விட்டு அகல்வானாயின் அவ்வன்பாலும் பயனில்லை. மாணவனை அருகழைக்கும் ஆசிரியன் அவனது நற்பெயருக்கு மட்டுமன்றி அவனது தவறுக்கும் தன்னைப் பங்காளியாக்கிக்கொள்கின்றான். அக்கடனை ஏற்க இயலாதவன் அருகழையாதிருத்தலே நன்று.